உமிச் சாம்பலும் ஒரு வாளித் தண்ணீரும்

மண்ணச்சநல்லூரில் வெள்ளைக் கார் வாங்காதே என்பார்கள். கறுப்புக் காரும் வாங்காதே என்பார்கள். வெள்ளையில் சாம்பல் தெரியும்; கறுப்பில் சாம்பலைத் துடைத்த கோடு தெரியும். இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்திலேயே ஒன்றைத் தேடி வாங்கிய புத்திசாலிகளும் எங்கள் தெருவில் உண்டு. அவர்கள் காரைக் கழுவுவதே இல்லை.

திருச்சியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியாக வடக்கே வந்தால் எங்கள் ஊர். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் படும். நெல் அவிக்கிற வாசனை அது. அரிசிக் கடையில் மூட்டையின் மேல் 'மண்ணச்சநல்லூர்' என்ற பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அந்த வாசனை தெரியாது. அதன் பின்னால் வருகிற சாம்பலும் தெரியாது.

புழுங்கலரிசிக்கு நெல்லை அவிக்க வேண்டும். அவிக்க நீராவி வேண்டும். நீராவிக்கு நெருப்பு, நெருப்புக்கு உமி. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 4 கிலோ சாம்பல் என்று கணக்கு. ஆலைக்காரர்கள் அதைப் பிடித்து மூட்டை கட்டத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஆடி மாதத்துக் காற்று யாருக்குக் கட்டுப்பட்டது? ஒரு பிடி சாம்பல் ஊருக்குள் வராமல் இருக்காது. வந்த சாம்பல் கோயில் கோபுரத்தின் மேலும், கொடியில் காயும் வேட்டியின் மேலும், வாசலில் நிற்கும் காரின் மேலும் பட்சபாதம் இல்லாமல் விழும்.

கோபுரத்தை மழை கழுவும். வேட்டியை நாம் துவைத்துக் கொள்ளலாம். கார்தான் சங்கடம்.

என்னுடையது மாருதி 800. 1983இல் முதன்முதலாக வெளிவந்து, 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்தச் சின்ன வண்டியைத்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து மூன்றாவது கையாக வந்து சேர்ந்தது. அதைக் கழுவுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எதிர்வீட்டில் ஒரு பிள்ளையின் உயிரே அதில் ஊசலாடியது.

எதிர்வீட்டு மாமா முப்பது வருஷம் ரைஸ்மில் லாரி ஓட்டியவர். மாமா என்பது உறவால் வந்தது அல்ல, தெருவால் வந்தது. அவருடைய மகன் சொந்தமாக டாக்ஸி வைத்திருக்கிறான். வெள்ளைக் கார். சொந்தம் என்றால், பாதி அவனுக்கும் பாதி கடன் கொடுத்த இடத்துக்கும் சொந்தம். விடியற்காலையில் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் புறப்படுவான். புறப்படுமுன் உலர்ந்த பனியன் துணியால் வண்டியை வேக வேகமாக ஒரு துடை துடைப்பான். ஐந்து நிமிஷ வேலை. வண்டி பளிச்சென்று ஆகிவிடும். அவன் சுறுசுறுப்பைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

மாமா மட்டும் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் கடிப்பார்.

"ஏன் மாமா, பையன் வண்டியைச் சுத்தமாத்தானே வச்சிருக்கான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சுத்தமா? தம்பி, அது தூசுன்னு நினைச்சீங்களா? அது மணலு. மணலைப் போட்டுத் தேய்க்கிறான்."

எனக்கு அது மிகையாகத் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்ததில் மாமா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது. உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டத்தட்ட சிலிக்கா. கண்ணாடியும் ஆற்று மணலும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள். நெற்பயிர் மண்ணிலிருந்து தண்ணீரோடு சிலிக்காவையும் உறிஞ்சி, உமியில் கொண்டுபோய் வைத்துக் கொள்கிறது. பூச்சியின் பல்லுக்கு எதிராகப் பயிர் போட்டுக்கொள்ளும் கவசம் அது. உமி எரிந்தாலும் கவசம் எரிவதில்லை. சாம்பலாகிக் காற்றில் பறந்து காரின் மேல் உட்காருகிறது.

இதைத் தெரிந்துகொள்ள ரசாயனப் புத்தகம்கூட வேண்டாம். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்தை எதை வைத்துத் தேய்த்தார்கள்? சாம்பலை வைத்து. பல்லை எதை வைத்துத் துலக்கினார்கள்? உமிக்கரியை வைத்து. சுரண்டுகிற குணம் இருப்பதால்தானே அதை எடுத்தார்கள்! பித்தளைக்கு அது நல்லது. காரின் பெயிண்டுக்கு?

இந்தக் காலத்துக் காரில், நிறத்துக்கு மேலே ஒளி ஊடுருவும் பூச்சு ஒன்று அடித்திருப்பார்கள். பளபளப்பெல்லாம் அதனுடையதுதான். அதன் கனம் நம் தலைமயிர் ஒன்றின் கனத்துக்கும் குறைவு. அத்தனை மெல்லிய ஒன்றைத்தான் தினம் காலையில் சாம்பல் போட்டுத் துலக்கினான் எதிர்வீட்டுப் பிள்ளை. ஒருநாள் துடைத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் துடைத்தால், வெயில் சாய்வாக விழும்போது பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். அழுக்கு போக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு பளபளப்பைப் போக்கிக்கொண்டிருந்தான்.

அதன் விலை பிறகுதான் தெரிந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு மாத வாடகையில் வண்டி ஓட்ட ஒரு சந்தர்ப்பம் வந்தது. மாதா மாதம் நிச்சயமான பணம். கடன் தவணைக்குக் கவலை இல்லை. வண்டியைப் பார்க்க வந்தவர் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், "பாடி மங்கலா இருக்கே, வேற வண்டி பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எஞ்சினைத் திறந்து பார்க்கவே இல்லை. பையன் அன்று மாலை முழுவதும் பேசவில்லை. அவன் மனைவி என் வீட்டுக்காரியிடம், "இந்த மாசத்துலேருந்து நிம்மதின்னு நினைச்சோம் அக்கா" என்று சொன்னாளாம்.

அடுத்த வாரம் இன்னொருவர் வண்டி பார்க்க வருவதாக இருந்தது. பையன் எங்கிருந்தோ ஒரு பிரஷர் பம்பை இரவல் வாங்கி வந்தான். தண்ணீரை அம்பு போலப் பீய்ச்சும் யந்திரம். கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஐம்பது மடங்கு அழுத்தம் அதற்கு. பம்பின் வயர் எட்டவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துவந்து தரையில் வைத்தான். மூன்று முள் பிளக்குக்கு அங்கே இடம் இல்லை. எர்த் இல்லாத இரண்டு முள் சொருகி ஒன்றை நடுவில் வைத்துச் சமாளித்தான். வாசல் முழுவதும் தண்ணீர். காலில் செருப்பு இல்லை.

நான் வாசலில் நின்று பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். 'அம்மா' என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், பம்பின் பிடியோடு பையன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். அவன் தாயார் சமையலறையிலிருந்து ஓடிவந்து அவன் கையைப் பிடிக்கப் போனாள்.

"தொடாதேடி!" என்று மாமா போட்ட கூச்சல் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். அவர் மகனிடம் ஓடவில்லை. வீட்டுக்குள் ஓடினார். மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டார். பையன் தரையில் சரிந்தான்.

பிழைத்துக்கொண்டான். வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு. ஆஸ்பத்திரியில் ஒருநாள் இருந்தான். ஆனால் மகனை நோக்கி ஓடாமல் சுவிட்சை நோக்கி ஓடிய தகப்பனின் அந்த நான்கு எட்டு இருக்கிறதே, அதைப்போல் கடினமான நடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மின்சாரம் பிடித்திருப்பவனைத் தொடுகிறவனையும் அது பிடித்துக்கொள்ளும். மனசு ஒரு பக்கம் இழுக்கும்போது காலை இன்னொரு பக்கம் திருப்பியதால் அந்த வீட்டில் இரண்டு உயிர் மிஞ்சியது.

மறுவாரமே எலக்ட்ரீஷியன் வந்து ஆர்.சி.சி.பி. என்ற சாதனத்தைப் பொருத்தினார். விஷயம் சுலபமானது. ஒரு வயரில் போகிற மின்சாரம் இன்னொரு வயரில் முழுவதும் திரும்பி வரவேண்டும். நடுவில் எவன் உடம்பு வழியாகவாவது கொஞ்சம் பூமிக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். 30 மில்லியாம்பியர் இடித்தாலே, அதாவது ஒரு 9 வாட் பல்பு எடுத்துக்கொள்வதைவிடக் குறைவாக இடித்தாலே, கண் இமைக்கும் நேரத்துக்குள் அது வீட்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மாமா அன்று நான்கு எட்டில் செய்ததை அது எட்டு வைக்காமலே செய்யும். தெருவில் அந்த மாதம் ஏழு வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். என் வீடும் ஒன்று.

இதற்குப் பிறகுதான் மாமா மகனுக்குக் கார் கழுவப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கையில் கட்டுப் போட்ட மகன் திண்ணையில், வண்டியிடம் தகப்பனார். மாருதியை வைத்துக்கொண்டு நானும் ஒரு மாணாக்கனாகச் சேர்ந்துகொண்டேன். பாடத்தின் சாரத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நேரமும் இடமும். வெயில் ஏறுமுன், நிழலில், எஞ்சின் ஆறிய பிறகுதான் கழுவ வேண்டும். ஓடி வந்த வண்டியின் பிரேக் தட்டு காய்ச்சிய தோசைக்கல் மாதிரி இருக்கும். அதில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் தட்டு கோணிக்கொள்ளும் என்பது மாமாவின் பயம். வெயிலில் கழுவினால் துடைப்பதற்கு முன்பே தண்ணீர் காய்ந்துவிடும். ஆழ்குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு வெள்ளைப் பொட்டுகளாக அங்கங்கே தங்கிவிடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கீழே ஒரு கல். கையில் மோதிரம், கடிகாரம், இடுப்பில் பெல்ட்டு எதுவும் கூடாது. "கோடு போடறதுக்கு சாம்பல் ஒண்ணு போதாதா, நீங்க வேறயா?" என்றார் என்னைப் பார்த்து. நான் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவதுதான் பாடத்தின் உயிர். முதலில் தண்ணீர், பிறகு கை. வண்டியின் மேல் கை படுவதற்கு முன்பே, கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீரை மெதுவாக ஓட விட வேண்டும். அடித்து ஊற்றக் கூடாது. வழிய விட வேண்டும். ஊறிய சாம்பல் தானாக இறங்கும். பாதிக்கு மேல் அழுக்கு இதிலேயே போய்விடுகிறது. காக்கை எச்சம் இருந்தால் ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டு வைத்துவிட்டு எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. ஆனால் அதை நாள் கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது. எச்சம் பெயிண்டை அரிக்கும்.

மூன்றாவது, வாளி ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் காருக்கென்று விற்கிற ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியைச் சோப்பில் நனைத்து ஒரு கதவைத் துடைத்தால், அந்தத் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கதவில் எடுத்த மணலை அடுத்த கதவில் கொண்டுபோய்த் தேய்ப்போம். வட்டமாகத் தேய்க்காமல் நீளவாக்கில், கை கனம் இல்லாமல், மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி, அதுவும் கடைசியில். துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அதற்கு லீவு. துணி துவைக்கும் தூளும் பாத்திரம் விளக்கும் சோப்பும் வேண்டாம். எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்றே பிறந்தவை அவை, வண்டியின் மேல் பூசிய மெழுகையும் கூடவே எடுத்துவிடும். அந்த மெழுகு எங்கிருந்து வருகிறது தெரியுமோ? அதில் உயர்ந்த ரகம் பிரேசில் நாட்டில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. பனை நாட்டுக்காரர்களான நாம் அதற்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்.

நான்காவது, ஈரம். கழுவி முடித்ததும் மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணியை விரித்து ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு தெருவில் மெதுவாக ஒரு நடை ஓட்டி, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து உலர்த்த வேண்டும். நனைந்த பிரேக் முதல் மிதியில் பிடிக்காது. அதை டோல்கேட் கூட்டத்தில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நாலு நாள் நிறுத்தினால் துருவேறி ஒட்டிக்கொள்ளும்.

பிரஷர் பம்பை மாமா ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. எர்த் இருக்கிற மூன்று முள் பிளக், தரையை விட்டு உயரத்தில், நனையாத இடத்தில், காலில் ரப்பர் செருப்பு, எஞ்சினுக்குள் பீய்ச்சுவதில்லை, டயரின் பக்கச் சுவருக்கு மிக அருகில் கொண்டு போவதில்லை. இத்தனையும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். "ஆனா அதுக்கும் நம்ம அவசரத்துக்கும் ஆகாது தம்பி" என்றார்.

ஆயுத பூஜை அன்று காலையில் எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும். லாரி, டிராக்டர், வேன், சைக்கிள் எல்லாம் குளிக்கும். சந்தனமும் குங்குமமும் எலுமிச்சம்பழமும் தயாராக இருக்கும். மாமாவின் இளமைக் காலத்தில் லாரிகளை வாய்க்காலிலேயே இறக்கிக் கழுவுவார்களாம். காவிரியிலிருந்து பிரிந்து வந்து எங்கள் வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கிறதே, அந்தப் பெருவளை வாய்க்காலைத்தான் சொன்னார். "குளிர்ந்த தண்ணி, காசு இல்லாத தண்ணி. நாங்களும் குளிப்போம், லாரியும் குளிக்கும்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. உடனே போயும் விட்டது. "டீசலும் கிரீசும் அதே தண்ணியிலதான் போச்சு. கீழ்மடைக்காரன் வயலுக்கு."

இதைக் கேட்டபோதுதான் எனக்கு முழு வட்டமும் விளங்கியது. வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் போகிறது. வயலிலிருந்து நெல் ஆலைக்குப் போகிறது. ஆலையிலிருந்து சாம்பல் காருக்கு வருகிறது. காரிலிருந்து கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாக மறுபடி வாய்க்காலுக்கே போகிறது. காரைக் கழுவுகிறவன் இந்த வட்டத்தின் நடுவில் வாளியோடு நிற்கிறான். தன் வண்டி சுத்தமானதோடு விஷயம் முடிந்தது என்று அவன் நினைத்தால், அவன் கழுவிய எண்ணெயை அவனே ஒருநாள் சோற்றில் சாப்பிடுவான்.

பெரிய ஊர்கள் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்கின்றன. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. ஜெர்மனியில் பல ஊர்களில், சோப்புத் தண்ணீர் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பதால் வீட்டு வாசலில் கார் கழுவவே அனுமதி இல்லை. நமக்கு இன்னும் அபராதம் வரவில்லை. ஆனால் கணக்குப் போடத் தடையில்லை. என் வீட்டுக் குழாயில் 15 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்தில் நிரம்பும். ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அழகு பார்த்தால் 450 லிட்டர். மாமாவின் முறையில் நாலு வாளி, 60 லிட்டர். சாம்பல் அதிகமாக விழுந்த நாளில் இன்னும் ஒரு வாளி.

அந்தப் பையனின் வண்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பழைய கோடுகள் முழுவதும் போகவில்லை. பாலிஷ் போடுகிறவரிடம் கொடுத்துக் கொஞ்சம் மட்டுப்படுத்தினான். "இதுக்கு மேல தேய்ச்சா பூச்சே போயிடும்" என்று அவர் நிறுத்திவிட்டார். புதிய கோடு மட்டும் விழவில்லை. அவன் இப்போது அரைமணி முன்னதாக எழுந்திருக்கிறான். இரண்டாவதாக வந்து பார்த்தவர் வண்டியை எடுத்துக்கொண்டார். வாடகை முதலில் சொன்னவரைவிடக் கொஞ்சம் குறைவு. தவணை கட்டப் போதுமாம். வலது கைத் தழும்பு இழுப்பதால் துணியை இடது கையால் பிழிகிறான்.

மாமா இன்னொரு வழக்கத்தையும் தெருவில் ஏற்படுத்தியிருக்கிறார். சோப்புப் போடுவதற்கு முன்னால் வழிய விடுகிற முதல் தண்ணீரில் பெரும்பாலும் சாம்பல்தான். அந்த நேரத்தில் வாசலில் மண்வெட்டியால் ஒரு சின்ன வரப்பு கட்டி, அதைத் தென்னைமரத்துப் பக்கம் திருப்பி விடுகிறார். சோப்புத் தண்ணீர் வரும்போது அந்த வழியை அடைத்துவிட்டு, இரண்டு வாளியையும் வீட்டுக் குளியலறைச் சாக்கடையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார். எழுபது வயசில் வாளியைத் தூக்குவானேன் என்று மருமகள் வாங்கிக்கொள்ளப் பார்த்தால் கொடுப்பதில்லை.

"தென்னைக்கு இந்தச் சாம்பல் ஆகுமா மாமா?" என்று கேட்டேன்.

"மண்ணுலேருந்துதானே தம்பி வந்துச்சு" என்றார் அவர், வரப்பைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டே.